லினக்ஸ் பொட்டியின் பேரேடு

கணினி படுத்துவிட்டால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "ஃபோட்டோ எல்லாம் போச்சா?" நியாயமான கேள்விதான். நகல் எடுத்து வைக்காத ஃபோட்டோ போனது போனதுதான். ஆனால் இன்னொன்றும் கூடவே போகிறது. இரண்டு மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த மென்பொருள்கள். தமிழில் தட்டச்சு செய்ய ஒன்று, பையனுக்குக் கணக்கு விளையாட்டு, ஸ்கேனருக்கு ஒன்று, வருமான வரிக்கு விரிதாள், எதற்கோ போட்டு மறந்துபோன பத்து. எவை, எத்தனை என்று யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. விண்டோஸ் என்றால் பழைய சிடிக்களுக்காகப் பரணைக் குடைய வேண்டும். லினக்ஸில் ஒரு பட்டியல் இருந்தால் போதும். ஐம்பது கிலோபைட்கூடத் தேறாத டெக்ஸ்ட் கோப்பு. அதைப் புதுப் பொட்டியிடம் கொடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் மென்பொருள்களும் தாமாக வந்து உட்காரும்.

இந்த வசதி எங்கிருந்து வந்தது என்று நோண்டிப் பார்த்தால், அது நிரலர்களின் கதையாக இல்லை, கணக்குப்பிள்ளைகளின் கதையாக இருக்கிறது. நான் பி.காம். படித்தவன். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் பேரேட்டைப் பார்த்தால் இது பேரேடு என்று தெரியும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் வெளியிட்டது கெர்னல் மட்டும்தான். அதன் மேல் ஓட வேண்டிய மற்றதையெல்லாம் மூட்டை மூட்டையாக மூலநிரலாக இறக்கி, அவரவரே கம்பைல் செய்து போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 'மேக் இன்ஸ்டால்' என்று ஒரு கட்டளை. அது கோப்புகளைக் கொண்டுபோய் ஆங்காங்கே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். எதை எங்கே வைத்தது என்பதற்குப் பதிவு கிடையாது. இன்வார்டு எழுதாமல் பின்வாசல் வழியாகக் கிடங்குக்குள் சரக்கை இறக்குவது போல. ஆறு மாசம் கழித்து ஒன்றை நீக்க வேண்டுமென்றால், எந்தெந்தக் கோப்பு அதனுடையது என்று யாரைக் கேட்பது?

1992ல் எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு வந்தது. பிழைகளுக்குப் பேர் போனது. அதைச் சீர்படுத்தி பாட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் 1.0 வெளியிட்டார். 24 ஃப்ளாப்பிகள்! ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பேக்கேஜாகக் கட்டியிருந்தார். (லினக்ஸைத் தமிழாக்கிய நண்பர்கள் இதைப் 'பொதி' என்றார்கள். நல்ல சொல். பொதி சுமந்த மாடுகளும் ஞாபகத்துக்கு வரும். இனி அதையே வைத்துக்கொள்கிறேன்.) ஸ்லாக்வேரில் பொதி ஒன்றுக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு, உள்ளே அந்தப் பொதி கொண்டுவந்த கோப்புகளின் பெயர்கள். படிக்கத் தெரிந்தவர் எவரும் திறந்து படிக்கலாம். 'டேக்ஃபைல்' என்று இன்னொன்றும் உண்டு. எந்தப் பொதியைச் சேர், எதை விடு என்று வரி வரியாக எழுதி வைத்தால், அடுத்த பொட்டியில் கேள்வி கேட்காமல் அதன்படியே நிறுவும். நகலெடுக்கும் எண்ணம் அப்போதே இருந்தது என்பதற்கு இது சாட்சி. ஆனால் எந்தப் பொதிக்கு எது துணை வேண்டும் என்பதை ஸ்லாக்வேர் எழுதி வைக்கவில்லை. அது பயனரின் பொறுப்பு.

அதே எஸ்எல்எஸ் மீது கடுப்பான இன்னொருவர் இயான் மர்டாக். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவர். 1993 ஆகஸ்ட் 16ல் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அன்றைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன். பெயர்க்கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வருஷம் நடந்தது. 1994 ஜனவரியில் மர்டாக் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். பெயர் டிபிகேஜி. பிறகு அவரும் மாட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோரும் பெர்ல் மொழியில் திருப்பி எழுதினார்கள். அதே வருஷம் இயான் ஜாக்சன் அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் எழுதினார். முப்பது வருஷம் தாண்டியும் டெபியனிலும் அதன் வழிவந்த உபுன்டுவிலும் அடியில் ஓடிக்கொண்டிருப்பது டிபிகேஜிதான்.

டிபிகேஜிக்கு ஒரே ஒரு முக்கியமான ஏடு. 'ஸ்டேட்டஸ்' என்று பெயர். எந்தக் குறியாக்கமும் இல்லாத வெறும் டெக்ஸ்ட். பொதிக்கு ஒரு பத்தி: பெயர், பதிப்பு எண், எவற்றைச் சார்ந்திருக்கிறது, விளக்கம் இத்யாதி. அதில் ஒரு வரியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். நிலையைச் சொல்லும் வரி. அதில் மூன்று சொற்கள் இருக்கும்: 'இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்டு'. ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. முதல் சொல், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. நடுவில் இருப்பது ஏதாவது கோளாறு உண்டா என்பது. மூன்றாவது, உண்மையில் இப்போது என்ன இருக்கிறது என்பது.

வங்கிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அனுமதித்த கடன் ஒரு பத்தியில், வழங்கிய கடன் அடுத்த பத்தியில். இரண்டும் சமமாக இருந்தால் நிம்மதி. சமமில்லை என்றால் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு மென்பொருளை நீக்கி, அதன் அமைப்புக் கோப்புகளை மட்டும் விட்டுவைத்தால் அந்த வரி வேறு மாதிரி இருக்கும்: வேண்டாம், கோளாறு இல்லை, அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சம். கணக்கை முடித்தாச்சு, லாக்கர் சாவி இன்னும் வரவில்லை என்கிற கேஸ் :-)

வேண்டியதையும் இருப்பதையும் தனித்தனியே எழுத வேண்டிய அவசியம் அன்றைய நிலைமையில் இருந்தது. 1995 மார்ச்சில் வந்த டெபியன் 0.93ஆர்5ல் ஒவ்வொரு பொதிக்கும் இன்னார் பொறுப்பு என்று பிரித்தாயிற்று. அடிப்படை அமைப்பை நிறுவிய பின் மற்றதெல்லாம் டிபிகேஜி வழியாகத்தான். அந்த நவம்பரில் டிசெலக்ட் என்றொரு நிரல் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான பொதிகளின் பட்டியலைத் திரையில் காட்டும். முதலில் உட்கார்ந்து வேண்டியதையெல்லாம் டிக் அடிக்க வேண்டும். அப்புறம்தான் நிறுவும் வேலை. ஃப்ளாப்பியும் டயல்-அப்பும் இருந்த காலத்தில் அதுதான் புத்திசாலித்தனம். கடைக்கு ஒரே நடைதான் என்றால் சாமான் லிஸ்ட்டை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவோம் அல்லவா? டிசெலக்டைப் பயன்படுத்துவது கொடுமை என்று அன்று புலம்பாதவர்கள் குறைவு. ஆனால் அது விட்டுப்போன சொத்து இந்த 'வேண்டும்' பத்தி.

நகலெடுக்கும் தந்திரம் முழுக்க அந்தப் பத்தியில்தான் நிற்கிறது. பழைய பொட்டியில் டிபிகேஜியிடம் 'கெட்-செலக்‌ஷன்ஸ்' என்று கேட்டால், 'வேண்டும்' பத்தியை மட்டும் உருவிக் கொடுக்கும். ஒரு வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் 'இன்ஸ்டால்'. புதுப் பொட்டியில் 'செட்-செலக்‌ஷன்ஸ்' என்று சொல்லி அந்தப் பட்டியலை ஊட்டினால், அங்கே எதுவும் உடனே நிறுவப்படாது. வேண்டும் என்ற பத்தி மட்டும் நிரம்பும். இருப்புப் பத்தி காலி. இப்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அடைக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அடைப்பதற்கு வந்த ஆள் ஆப்ட். டிபிகேஜி நீங்கள் கையில் கொடுக்கும் பொதியைப் பிரித்து வைக்கும், அவ்வளவுதான். தானே போய் வாங்கி வராது. 1996ல் டெபியன் 1.1 வந்தபோது 474 பொதிகள். 1998ல் 2.0 வந்தபோது 1,500க்கு மேல். ஒன்றைப் போட இன்னொன்று, அதைப் போட மூன்று என்று துரத்திப் பிடித்து வரிசைப்படுத்துவது மனிதரால் ஆகிற காரியமில்லை. 1999 மார்ச்சில் வெளியான 2.1ல் ஆப்ட் சேர்ந்தது. அப்போது சுமார் 2,250 பொதிகள். 2005ல் 3.1 வந்தபோது 15,000 தாண்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 69,830. ஆப்ட் இல்லாமல் இந்தப் பெருக்கம் சாத்தியமே இல்லை என்பது என் கணிப்பு.

வேண்டியதற்கும் இருப்பதற்குமான இடைவெளியை அடைக்கும் ஆப்ட்-கெட் கட்டளையின் பெயர் 'டிசெலக்ட்-அப்கிரேட்'. டிசெலக்டைக் கண்ணால்கூடப் பார்க்காத தலைமுறையும் பொட்டியை நகலெடுக்க அந்தப் பெயரைத் தட்டியது. கடையே மூடிய பின்னும் பஸ் ஸ்டாப்புக்கு அந்தக் கடையின் பெயர் நிலைத்துவிடுவதில்லையா, அது மாதிரி. ஒரு எச்சரிக்கை: பிற்கால டிபிகேஜி தனக்குத் தெரியாத பெயர்களைப் பட்டியலில் பார்த்தால் எச்சரித்துவிட்டு ஒதுக்கிவிடும். அதனால் கிடைக்கக்கூடிய பொதிகளின் விவரத்தை முதலில் அதற்குப் படித்துக் காட்ட வேண்டும். பழைய குறிப்பை அப்படியே பின்பற்றி, ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ரெட் ஹாட் பக்கம் வேறு வழி. எரிக் ட்ரோனும் மார்க் யூயிங்கும் உருவாக்கிய ஆர்பிஎம் 1995ல் வந்தது. அதன் ஏடு டெக்ஸ்ட் அல்ல, பெர்க்லி டிபி என்ற தரவுத்தளம். தேடுவது வேகம். பொதியோடு வந்த ஒவ்வொரு கோப்பும் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று சரக்கு இருப்பு பார்க்கிற மாதிரி ஒப்பிட்டுச் சொல்லும் வசதியும் உண்டு. ஆடிட்டர்களுக்குப் பிடித்த சமாச்சாரம். நிறுவி முடித்ததும் என்னென்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக எழுதி வைத்துவிடும். அதைக் காட்டி அடுத்த நூறு பொட்டிகளையும் அதேபோல் நிறுவலாம். அலுவலகங்களில் ரெட் ஹாட் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். குறை என்னவென்றால், மின்சாரம் நடுவில் போய்த் தரவுத்தளம் சிக்கிக்கொண்டால் மனிதக் கண்ணால் திறந்து படிக்க முடியாது. அட்டவணைகளைத் திரும்பக் கட்டும் கட்டளையை ஓட்டிவிட்டுக் கும்பிட வேண்டும். 2020ல் ஃபெடோரா 33ல் அதையும் மாற்றி எஸ்க்யூலைட்டுக்குப் போனார்கள். எனக்கு எப்போதும் டெக்ஸ்ட் பக்கம்தான் ஓட்டு. கையெழுத்துப் புரிகிற லெட்ஜர் எரிந்தாலும் பாதியாவது படிக்கலாம்.

நம் ஊர் நிலைமைக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தியது? ஆப்ட் எழுதியவர்கள் இணையம் எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினார்கள். 2006, 2007ல் எங்கள் வீட்டில் இருந்தது 256 கேபிபிஎஸ் இணைப்பு. முழு வேகம் கிடைத்தாலே ஒரு 700 எம்பி சிடி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல். முழு வேகம் எப்போது கிடைத்தது? அதனால்தான் உபுன்டு தபாலில் இலவசமாக அனுப்பிய சிடி (2011ல் நிறுத்திவிட்டார்கள்), 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு வந்த சிடி எல்லாம் பொக்கிஷம். இந்தியாவைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் ரிதேஷ் ராஜ் சரஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் இந்தத் தலைவலிக்கு நேரான மருந்து. இணையம் இல்லாத பொட்டி தனக்கு வேண்டியதை ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுக்கும். இணையம் இருக்கும் எந்தப் பொட்டியிலும், அது விண்டோஸாக இருந்தாலும் சரி, அதைக் காட்டிப் பொதிகளை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து ஊட்டலாம். மறுபடியும் சாமான் லிஸ்ட்தான், கடைக்குப் போகிற ஆள்தான் வேறு. சென்னையில் சி-டாக் உருவாக்கி 2007ல் வெளியான பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான் என்பதால் அங்கேயும் இதே ஏடு, இதே வித்தை.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டுகிற பிழைப்பு எங்களுடையது. போபாலில் இருந்து நாக்பூருக்கு மாற்றலாகி வந்த வாரம் ஹார்ட் டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டு அடங்கிவிட்டது. லாரியில் குலுங்கியதோ, ஆயுசு முடிந்ததோ. பட்டியல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. வீட்டுக் கோப்புறையின் நகலும் இருந்தது. புது டிஸ்க்கில் அடிப்படை அமைப்பைப் போட்டு, பட்டியலை ஊட்டி, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினோம். மறுநாள் சாயங்காலம் பையன் வந்து தன் விளையாட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவனுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. கோவில்பட்டியில் அப்பாவுக்கு ஒரு பழைய பொட்டி வாங்கி, அதே பட்டியலையும் அதே அமைப்புக் கோப்புகளையும் போட்டுக் கொடுத்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். இங்கே என் திரையில் என்ன இருக்கிறதோ அங்கேயும் அதே இடத்தில் அதே படம். "அப்பா, இடது பக்கம் மேலேருந்து மூணாவது பொம்மையை அழுத்துங்க" என்றால் வேலை முடிந்தது. அவர் ஒரு நாள் சொன்னார்: "எல்லாம் ஒன் வீட்டுல இருக்க மாதிரியேதான் இருக்கு. கரண்டு மட்டும் இல்ல."

சரி, ஏடே தொலைந்தால்? டிபிகேஜி எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். 'ஸ்டேட்டஸ்' மாறும்போது முந்தையது 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' என்று பக்கத்திலேயே நிற்கும். அது தவிர 'வார்' கோப்புறைக்குள் 'பேக்கப்ஸ்' என்ற இடத்தில் அண்மைக்காலப் பிரதிகள் சில வரிசை எண்ணோடு இருக்கும், புதியது சேரச் சேரப் பழையது கழிந்துவிடும். சராசரிப் பயனர் அந்தக் கோப்புறையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இரண்டும் போனால், மொத்த 'வார்' கோப்புறையே போனால், கடைசி நம்பிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு டெபியன் பொதியும் தன் காப்புரிமை விவரத்தைத் தன் பெயரில் ஒரு கோப்புறை போட்டு 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் ஆவணங்களுக்கான இடத்தில் வைத்தாக வேண்டும் என்பது விதி. அங்கே போய்க் கோப்புறைப் பெயர்களை வரிசையாக எடுத்தால் அதுவே கிட்டத்தட்டப் பொதிப் பட்டியல். லெட்ஜர் எரிந்த கிளையில் வவுச்சர்களை வைத்துக் கணக்கை மீட்பது போல. உரிமத்துக்காகப் போட்ட விதி இந்த வேலைக்கும் உதவும் என்று விதி போட்டவர் நினைத்திருப்பாரா, சந்தேகம்தான்.

ஜோயி ஹெஸ் எழுதிய டிபிகேஜி-ரீபேக் இன்னும் ஒரு படி மேலே. பொதியின் மூலக்கோப்பு எங்கும் கிடைக்கவில்லை, ஆனால் பொட்டியில் நிறுவியபடி இருக்கிறது என்றால், ஏட்டைப் பார்த்து அதன் கோப்புகளையெல்லாம் பொறுக்கி எடுத்துத் திரும்பப் பொதியாகவே கட்டித் தந்துவிடும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எது வேண்டும் என்று தெரியும், ஏன் வேண்டும் என்று தெரியாது. 1,300 பெயர்களில் நானாகக் கேட்டுப் போட்டது அறுபது எழுபதுதான் இருக்கும். மிச்சமெல்லாம் அவற்றோடு வந்தவை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தவர்கள் வேறு, அவர்கள் கூட வந்தவர்கள் வேறு. பந்தியில் எல்லோரையும் எண்ணி, அடுத்த கல்யாணத்துக்கு அத்தனை பேருக்கும் தனித்தனியே பத்திரிகை வைத்தால் என்ன ஆகும்? பழைய முறையில் நகலெடுத்த பொட்டியில் அதுதான் ஆகும். அழைத்தவர் வராவிட்டாலும் கூட வந்தவர் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார். ஆப்டிடியூட் என்ற நிரல் இந்த வித்தியாசத்தைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு ஆப்டே அதை எடுத்துக்கொண்டு, தானாக வந்தவற்றுக்குத் தனி ஏடு போட்டது. அதனால் இப்போது 'ஆப்ட்-மார்க்' மூலம் நாமே கேட்டவற்றை மட்டும் பட்டியலிட்டு வாங்கி, புதுப் பொட்டியில் அவற்றை நிறுவச் சொன்னால் போதும். கூட வர வேண்டியவர்கள் தாமாக வருவார்கள்.

இன்னொரு குறை, பட்டியலில் பதிப்பு எண் இல்லை. போன வருஷத்துப் பட்டியலை இன்று ஊட்டினால் இன்றைய பதிப்புதான் வரும். அன்றைய அதே பதிப்புதான் வேண்டும் என்பவர்களுக்காக 2010ல் டெபியன் ஸ்னாப்ஷாட் காப்பகத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தது. 2005லிருந்து டெபியன் வெளியிட்ட பொதிகளை அதில் தேதி போட்டுத் தேடி எடுக்கலாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003ல் தொடங்கிய நிக்ஸ் இதையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது. அங்கே பொட்டியைப் பார்த்துப் பட்டியல் எடுப்பதில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் பொட்டியே உருவாகிறது. பட்ஜெட்டில் இல்லாத செலவே கிடையாது என்கிற கண்டிப்பான வீடு. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அருமை. என் மாதிரி ஆளுக்கு, கொஞ்சம் சஸ்பென்ஸ் கணக்கு இல்லாமல் குடும்பம் ஓடாது.

டிபிகேஜியைத் தொடங்கி வைத்த இயான் மர்டாக் 2015 டிசம்பர் 28ல் காலமானார். 2017ல் வெளியான டெபியன் 9ஐ அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்கள்.

போபால் காலத்துப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சமீபத்தில் டெபியன் 13 போட்ட பொட்டியில் அதை ஊட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தெரியாத பெயர்கள் என்று திருப்பிவிட்டது. ஓப்பன்ஆஃபீஸ் இருந்த இடத்தில் இப்போது லிப்ரேஆஃபீஸ். வணிகச்சின்னத் தகராறில் 2006ல் ஃபயர்ஃபாக்ஸுக்கு டெபியன் வைத்த ஐஸ்வீசல் என்ற பெயர், 2016ல் தகராறு தீர்ந்து திரும்பப் போய்விட்டது. கெய்ம் 2007லேயே பிட்ஜின் ஆகிவிட்டது. 'டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்றொரு வரி இருந்தது. இந்தப் பொட்டியில் முதல் வேலையாக அதைத்தான் போடுவேன் அப்போதெல்லாம். 'டிடிஎஃப்' என்று தொடங்கிய எழுத்துருப் பொதிகளெல்லாம் பிறகு 'ஃபான்ட்ஸ்' என்று தொடங்கும் பெயர்களுக்கு மாறிவிட்டன. தமிழுக்கு இப்போது 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்' என்று தேட வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு, தெரியாத பெயர்களுக்கு நேரே இன்றைய பெயர்களை எழுத ஆரம்பித்திருக்கிறேன். 'ஜி' வரைக்கும் வந்திருக்கிறது.